வெள்ளிக்கிழமைத் தலைகள்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குப் பேன் என்றால் ஆகாது. யாருக்குத்தான் ஆகும் என்று கேட்கலாம். ஆனால் அந்த அம்மாள் பேனை வெறுத்த விதமே தனி. சிலர் தங்களுக்குச் சங்கீதம் தெரியும் என்று காட்டிக்கொள்வது மாதிரி, இவர் தமக்குச் சுத்தம் தெரியும் என்று காட்டிக்கொள்வார். பெண்கள் படிக்க வேண்டும், ஆரோக்கியமாக இருக்க வேண்டும், தேசம் முன்னேற வேண்டும் என்று காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தினமும் பேசுவார். இத்தனைக்கும் குறுக்கே நிற்பது பேன்தான் என்று மனதார நம்பினார். முப்பதுகளில் மயிலாப்பூரில் இப்படி எதையாவது ஒன்றை நம்பிக்கொண்டு நிறையப் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் வக்கீல்கள்.

பள்ளிக்கூடமும் வக்கீல்கள் நடத்தியதுதான். குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை வாங்கி, கூடத்தைத் தட்டி வைத்துத் தடுத்து, பெண் கல்வி என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதே கமிட்டி ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தியது. அதில் அப்பா கணக்கு வாத்தியார். அந்த உறவில் எனக்கும் தங்கைக்கும் சம்பளம் இல்லாத படிப்பு. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; கச்சேரி ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் வீடு. கான்வென்டில் சேர்க்க அப்பாவுக்கு வசதி போதாது. எங்களைப் போன்ற வேதக்காரப் பிள்ளைகள் அந்தப் பள்ளி முழுவதையும் சலித்தால் ஒரு பெஞ்சுக்குத் தேறும்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியட் தலை பார்க்கும் பீரியட். முற்றத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுத் தலைமையாசிரியை உட்கார்ந்துகொள்வார். நாங்கள் வரிசையாகப் போய் அவர் முன்னால் தரையில், முதுகைக் காட்டி உட்கார வேண்டும். தம்மவர் வீட்டுப் பெண்களின் தலையைக் கையால் விலக்கிப் பார்ப்பார். எங்கள் முறை வரும்போது இரண்டு ஈர்க்குச்சிகளை எடுத்துக்கொள்வார். எங்கள் தலையைத் தொட்டால் அவர் திரும்பக் குளிக்க வேண்டியிருக்குமாம். முன்னேற வேண்டிய தேசத்தில் நாங்கள் எந்தப் பக்கம் இருந்தோம் என்பது அந்தக் குச்சிகளிலேயே தெரிந்துவிடும்.

வாராவாரம் ஒரே முடிவுதான். எங்கள் பெஞ்சில் பேன். மற்ற பெஞ்சுகளில் சுத்தம். அவருக்கு அதில் ஆச்சரியமே இருக்கவில்லை. கடலோரம், மீன் நாற்றம், நெருக்கமான வீடுகள் என்று காரணங்களை வைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதோடு சரி. பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூன்றாம் முறை பேன் அகப்பட்டால் அந்தப் பெண்ணின் முடியைப் பள்ளியிலேயே ஒட்ட வெட்டிவிடுவது என்று அந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். கமிட்டி வக்கீல்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். யாருடைய முடியை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறு வயதில் அம்மை போட்டு என் முகம் முழுவதும் தழும்பு. நிறமும் மட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் என் முகத்திலிருந்து பார்வையை நகர்த்தி எங்கே வைப்பது என்று தவித்து, கடைசியில் பின்னலில் கொண்டுபோய் வைப்பார்கள். 'முடி நல்லா கீது' என்பார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய கனமான பின்னல் அது. எனக்கு அழகு என்று இருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால் அந்தப் பின்னலை நான் ஒரு நாளும் முதுகில் விட்டதில்லை; முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். புதுச் சட்டம் வந்து சில வாரங்களுக்குள் இரண்டு முறை என் தலையில் பேன் அகப்பட்டுவிட்டது.

ஆவணியை ஒட்டி வரலட்சுமி நோன்பு வந்தது. அது வெள்ளிக்கிழமை நோன்பு, பள்ளிக்கு விடுமுறை. ஒரு வாரம் தலை பார்க்காமல் விட்டால் தேசம் பின்தங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தலைமையாசிரியை திங்கட்கிழமை காலையில் நாற்காலியை முற்றத்தில் போடச் சொன்னார். எனக்கு இது மூன்றாவது முறையாகிவிடும் என்று நினைத்தபடி வரிசையில் நின்றேன்.

முதலில் எங்கள் பெஞ்சு. குச்சிகள் என் வகிட்டில் நுழைந்தன, காதுக்குப் பின்னால் துழாவின, பிடரியில் கிளறின. ஒன்றும் இல்லை. தங்கை தலையிலும் இல்லை. மற்ற வேதக்காரப் பெண்கள் தலைகளிலும் இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் தலையை இரண்டாம் தரம் பார்த்தார். பிறகு கமிட்டிச் செயலாளராக இருந்த வக்கீலின் பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னலை அவிழ்த்து, ஆசையோடு கையால் விலக்கினார் அம்மாள். விலக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பட்டப்பகலில் ஒரு கொழுத்த பேன் அவர் விரலில் ஏறி, வளையல் இல்லாத மணிக்கட்டைக் கடந்து, வெள்ளைப் புடவைத் தலைப்பில் சாவகாசமாக நடந்து போயிற்று. அடுத்த பெண், அதற்கடுத்த பெண், எல்லாத் தலையிலும் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. நோன்புக்கு வீடு வீடாகப் போய், நெருக்கி உட்கார்ந்து பாடி, ஒரே பாயில் உருண்டு தூங்கி எழுந்த பெண்கள் அவர்கள்.

அம்மாள் எழுந்து நின்றார். இன்றைக்குப் பார்த்தது கணக்கில் சேராது, தலை பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லிவிட்டு நாற்காலியை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். தேசம் அன்றைக்குப் பீரியட் மணி அடிக்கும் முன்பே கலைந்தது.

அன்று மத்தியானம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மூக்கு உள்ள யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அந்த வீடுகளில் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாயும் வெள்ளியும். பள்ளிக்கு நேரமாகிவிடும் என்று செவ்வாயைப் பல வீடுகளில் விட்டுவிடுவார்கள், வெள்ளியை விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் ஈரக் கூந்தலை நுனி முடிந்து, சாம்பிராணி மணக்க வந்து உட்காருவார்கள். விடியற்காலையில் எண்ணெயில் ஊறி, சீயக்காயில் அலசப்பட்டு, சீப்பில் வாரப்பட்டு, மிச்சம் மீதி புகையில் திணறிப் போன பேன் எங்கே வந்து முகம் காட்டும்? அதிலும் ஈரத்தலையைக் கலைத்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று அம்மாள் முன்னந்தலையில் மட்டும் கொஞ்சம் தடவிப் பார்த்து அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் குளியல் சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சுத்தமாகப் போக வேண்டும் என்று அம்மா கொல்லையில் உட்காரவைத்துத் தேய்த்து, வெள்ளைத் துணியை மடியில் விரித்துப் பேன் சீப்பால் வாரி எடுத்துவிடுவாள். திங்கட்கிழமை எங்கள் தலை கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம் வாரம் முழுக்க அவர்களோடு தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் வீட்டுப் பேன்களை நாங்கள் வளர்த்துப் பெரிசாக்கி வைத்திருப்போம்.

பேன் இருப்பதும் இல்லாததும் சுத்தத்தைப் பொறுத்ததே இல்லை, கிழமையைப் பொறுத்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டதாரி அம்மாளுக்கும் ஒரு கமிட்டி நிறைய வக்கீல்களுக்கும் முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, தேவைப்படவில்லை.

செயலாளரின் மனைவி மறுநாளே காரில் வந்து இறங்கினார். நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று இரண்டு பேரும் ஆபீஸ் அறையில் வெகுநேரம் பேசினார்கள். கதவு சாத்தாத அறை. எங்கள் வகுப்பு பக்கத்தில். எங்கள் தலையிலிருந்த பேன்கள் விடுமுறையில் அவர்கள் தலைக்குத் தாவிவிட்டன, அதனால்தான் எங்கள் தலைகள் காலியாக இருந்தன என்று முடிவாயிற்று. பேன் தாவாது, நடக்கும். எங்கள் சாந்தோம் பக்கத்திலிருந்து அவர்கள் குடியிருந்த மாட வீதிக்கு அது நடந்தே போயிருந்தால் அதன் உழைப்பையாவது பாராட்டியிருக்கலாம். அன்றிலிருந்து எங்கள் பெஞ்சைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டார்கள். செயலாளர் பெண்ணின் முடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் கிழமை விவகாரத்தைச் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா, பாதி சொல்லும்போதே பிடித்துக்கொண்டார். சட்டையைக் கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் போய் நின்று, வருகிற வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் காலையில் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி அனுப்பு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா ரோசக்காரி. அவள் காரக்குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஆண்டவர் செத்த நாளு அது. சுத்தபோசனம் இருக்கற நாள்ல எண்ண தேச்சிக்கினு குளிக்கச் சொல்றீங்களா? அவங்க நாள்ல நாம இன்னாத்துக்குக் குளிக்கணும்?"

வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். அதைத்தான் சுத்தபோசனம் என்போம். எண்ணெய் கூடாது என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா அந்தச் சட்டத்தைத் தானே எண்ணெய் வரைக்கும் இழுத்து நீட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பக்தி இல்லை; பக்தியாக இருந்தால் நான் மரியாதை கொடுத்திருப்பேன். ஈர்க்குச்சிக்காரியின் கிழமைக்கு நம் தலையைக் கொடுப்பதா என்கிற வீம்பு. அப்பா இன்னும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். அவர் யாரிடமும் மூன்றாம் தரம் கேட்கிறவர் இல்லை.

கடைசி வழியாக, வியாழக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். ஆபீஸ் அறையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. வேதக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் தலை பார்க்கும் நாளைத் திங்கட்கிழமைக்கு மாற்றினால் நன்றாக இருக்கும் என்று, கைக்குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ கூடுதல் சம்பளம் கேட்கிறவர் மாதிரி அப்பா சொன்னார். எனக்கு அப்பா மேலேயும் கோபம் வந்தது.

அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒருத்தருக்கு ஒரு நாள், இன்னொருத்தருக்கு இன்னொரு நாள் என்று வைத்தால் பாரபட்சம் ஆகிவிடும், சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். அப்பா தலையாட்டினார். பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, திங்கட்கிழமை பார்த்த மற்றப் பெண்களுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று கேட்டுவிட்டார். அம்மாள் முகம் மாறவில்லை.

"எங்காத்துப் பொண்களுக்கு முடியை எடுத்தா அது என்னன்னு உங்களுக்கே தெரியும் சார். பார்க்கறவா வாயில விழுந்து எழுந்திருக்க முடியாது. உங்களவாளுக்கு அதுல ஒரு தோஷமும் இல்லையே. வேளாங்கண்ணிக்கு மொட்டையே போட்டுக்கறேளே."

இதைச் சொன்னவர் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர். அவர்கள் வீட்டு விதவைகளுக்குச் செய்கிற வழக்கப்படி தலையை மழிக்கக் கூப்பிட்டு உட்காரவைத்தபோது எழுந்து போய் அறையைத் தாழ் போட்டுக்கொண்டவர் என்று மயிலாப்பூர் முழுக்கத் தெரியும். அவர் முடியைப் பற்றி நாலு மாட வீதியும் வருஷக்கணக்காகப் பேசித் தீர்த்தது. அந்தத் துணிச்சலை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். ஒரு பெண்ணுக்கு முடி என்றால் என்ன என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. தெரிந்த அத்தனையும் தம்மவர் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது. அப்பா வணக்கம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வழியில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாளா என்று பார்த்தேன். அவள் சீப்பை எடுத்து வறட்டுத் தலையை இழுத்துப் பின்னிவிட்டாள். "தைரியமா போ" என்றாள். யாருடைய தைரியத்துக்கு யார் போவது என்று கேட்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. செயலாளர் பெண் சாம்பிராணி மணக்க, நுனி முடிந்த கூந்தலோடு எனக்கு முன்னால் எழுந்து போனாள். அவளை ஒரு தடவு தடவிவிட்டு, பேஷ் என்றார் அம்மாள். என் தலையில் குச்சி நுழைந்த உடனேயே அகப்பட்டுவிட்டது.

தையல் வகுப்புக் கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னார்கள். கிணற்றடியில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்து ஆயா வெட்டினாள். துணி வெட்டுகிற கத்தரி. கனமான பின்னல் அதற்கு மசியவில்லை. ஆயா திட்டிக்கொண்டே அறுத்தாள். பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அந்த மட்டுக்கும் வளர்ப்பு நன்றாகத்தான் இருந்தது. வெட்டியதை அங்கேயே கொளுத்திவிட்டார்கள். நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முந்தானை இல்லாத பாவாடைச் சட்டையில் தலையை எதைக் கொண்டு மூடுவது என்று தெரியாமல் புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தையும் அதை நடத்துகிறவர்களையும், சந்து முழுவதும் கேட்கிற மாதிரி திட்டித் தீர்த்தாள். இன்னா மனுஷங்க இவங்க என்று அடுத்த வீட்டுக்காரிகள் வந்து சேர்ந்து கொண்டார்கள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரு நல்ல சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முக்காடு போட்டு என்னை முதல் வரிசையிலேயே உட்காரவைத்தாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா தங்கையைப் பலகையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கரைத்த சீயக்காய் இருந்தது. தங்கை தலையிலும் ஏற்கெனவே இரண்டு முறை பேன் அகப்பட்டிருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் வேலையைச் செய்தாள்.

முற்றத்தில் தங்கையின் தலையில் ஒன்றும் அகப்படவில்லை. தலைமையாசிரியைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுத் தங்கை பக்கத்தில் நிறுத்தி, வரிசைக்குக் காட்டினார். அக்காவைத் திருத்தியதில் தங்கை தானாகத் திருந்திவிட்டாள், கண்டிப்பு இருந்தால் எந்த வீட்டிலும் சுத்தம் வரும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பெண்கள் கைதட்டினார்கள். நான் ஒட்ட வெட்டின தலையோடு நின்றுகொண்டு, இந்த அம்மாளை ஒரு ஜன்மத்துக்கும் மதிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அது சுலபமான முடிவு. இன்றுவரை அதை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "போன வெள்ளிக்கிழமை எனக்கு ஏன்மா செய்யல?"

அவள் மீன் இல்லாத குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அப்ப எனக்கு அவ மேல கோவம் பெருசா இருந்துது," என்றாள். "உன் முடி கண்ல படல."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கும் பலகை போட்டாள். ஒட்ட வெட்டின தலைக்கு அவ்வளவு எண்ணெய் தேவையில்லை. அவள் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. போதும் என்று நான் சொல்லவில்லை. அவளை மன்னிக்கவும் இல்லை.